பாதி விலை ஞாயிறு

ஒரு கோப்பைத் தேநீர். டெஸ்மண்ட் கிளெக் அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்த வேலை அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு, ஐம்பது தப்படி தள்ளியிருக்கும் தேநீர்க் கடையிலிருந்து, ஒரே ஒரு கோப்பை வாங்கிவந்து கொடுப்பது.

“பால் கொஞ்சம் தூக்கலா,” என்றாள் லொரைன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். “சர்க்கரை ரெண்டு. அப்புறம், டெஸ்...”

“என்ன?”

“நேரா போ, நேரா வா. வழியில யாருக்கும் நடிச்சுக் காட்டாத.”

“நான் எப்ப நடிச்சேன்?”

லொரைன் அவனை உச்சியிலிருந்து பாதம் வரை ஒருமுறை பார்த்தாள். முப்பத்தொரு டிகிரி வெயிலில் கம்பளிக் கோட்டு, உள்ளே கம்பளி வெயிஸ்ட்கோட்டு, அதன் குறுக்கே ஓடாத கடிகாரம் ஒன்றின் சங்கிலி, தலையில் தட்டைத் தொப்பி. மூக்கில் வட்டக் கண்ணாடி. அது 1934இல் எவரோ ஒருவரின் கண்ணுக்காகச் செய்தது. டெஸ்மண்டின் கண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவன் போனான்.

டெஸ்மண்ட் தார் ரோடு போடுகிறவன். கோல்ன் ஊரைச் சுற்றி இருக்கும் பாதிச் சாலைகளில் அவன் முட்டித் தேய்மானம் கலந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பழைய சாமான் சந்தையில் செம்புக் கெட்டில் ஒன்றை வாங்கினான். அதற்குப் பொருத்தமாக ஒரு இரும்பு அடுப்பு. அடுப்புக்குப் பொருத்தமாக ஒரு மேசை. அப்புறம் ஒவ்வொன்றாக டிவி போயிற்று, ஃப்ரிட்ஜ் போயிற்று, கடைசியில் வாஷிங் மெஷினும் போய், சமையலறை மூலையில் மரப்பீப்பாயும் துணி பிழியும் உருளையும் வந்து நின்றன. வீட்டுக்குள் 1934ஆம் வருஷம் குடியேறிவிட்டது.

அந்த உருளையைப் பார்த்துவிட்டு அவனுடைய அம்மா சொன்னது ஒன்றுதான். “நான் இதைக் குப்பைல போட்ட அன்னிக்குக் கேக் சுட்டேன்டா.”

அது அவனுக்கு உறைக்காமல் இல்லை. ஆனாலும் வாரம் பூராவும் ‘ஏய் கிளெக்’ என்று கூப்பிடப்படுகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை சங்கிலி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் ஒரு ‘மிஸ்டர் கிளெக்’ தெரிந்தார். அந்த மனிதரை விட்டுப் பிரிய டெஸ்மண்டுக்கு மனசு வரவில்லை.

மிஸ்டர் கிளெக்கின் சட்டைகளைத் துவைத்தது லொரைன். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து துவைத்தாள். இன்று அவர்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாள். காலையில் அவள் தன் நிபந்தனையைச் சொல்லியிருந்தாள்.

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் என் கை ஒரு வேலை செய்யாது. செஞ்சுச்சுன்னா, நாளைக்குக் காலைல வாஷிங் மெஷின் வருது. ஃப்ரிட்ஜும் வருது. உன் பீப்பாயில நான் உருளைக்கிழங்கு நட்டுடுவேன்.”

“செய்யாம இருந்தா?”

“இன்னொரு வருஷம் வாயைத் திறக்க மாட்டேன்.”

அப்படிப்பட்ட நாளுக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் ஹாலின் கிளஃப் பழந்தெரு. நூறு வருஷத்துக்கு முந்தைய தெரு ஒன்றை டிராம், ரொட்டிக்கடை, சலவைக்கூடம் எல்லாவற்றோடும் அப்படியே வைத்திருக்கும் காட்சியிடம். அந்தக் கால உடுப்பில் ஆட்கள் அந்தக் கால வேலைகளைச் செய்துகாட்டுவார்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்.

வாசலில் டிக்கெட் கொடுத்த டோனா என்ற பெண், “இன்னைக்குப் பாதி விலைதான். ஆளுக்குப் பதினோரு பவுண்டு. விவரம் இதுல இருக்கு,” என்று ஒரு மஞ்சள் சீட்டை நீட்டினாள். டெஸ்மண்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தான். எழுத்தெல்லாம் மழைக்கு ஒதுங்கிய எறும்புகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

“எதுக்குப் பாதி விலை?” என்றாள் லொரைன்.

“நம்ம உடுப்பைப் பார்த்துக் குறைச்சிருக்காங்க. மரியாதை தெரிஞ்ச இடம்.”

“சீட்டைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

இப்போது தேநீருக்குப் போகிற வழியில், முப்பதாவது தப்படியில், முனை திரும்பியதும், சலவைக்கூட வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், லேஸ் தொப்பி, யாரையும் நம்பாத முகவாய்.

“இதுதானே சலவைக்கூடம்?” என்றாள்.

இங்கே வேலை செய்கிறவளுக்கே சலவைக்கூடம் எதுவென்று தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது என்று டெஸ்மண்ட் நினைத்தான். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மிஸ்டர் கிளெக் விடவில்லை. அவர் கட்டைவிரலை வெயிஸ்ட்கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

“இதேதாம்மா. ஆனா அடுப்பு மூட்டக் காணோமே? பத்து மணிக்கெல்லாம் வென்னீர் தயாரா இருக்க வேண்டாமா?”

அந்தப் பெண்மணி சங்கிலியைப் பார்த்தாள். முகவாய் கொஞ்சம் இறங்கியது. “மன்னிச்சுக்கங்க. நான் மிஸஸ் ஹார்கர். இதோ பாத்துக்கறேன்.”

“கிளெக்,” என்றான். “மிஸ்டர் கிளெக்.”

முப்பது வருஷ வேலையில் ஒரு ஆத்மாவும் டெஸ்மண்டிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவன் தரையில் கால் படாமல் தேநீர்க் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

கடையில் ஆள் இல்லை. அதாவது, கல்லாவுக்குப் பின்னால் ஆள் இல்லை. முன்னால் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். கொதிகலன் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடிக்குள் ஸ்கோன் பன்கள், தட்டு நிறைய, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட கறிப்பைகள். பக்கத்தில் மரப் பெட்டி ஒன்றும் ஏதோ எழுதிய அட்டை ஒன்றும் இருந்தன. அந்த அட்டையும் டெஸ்மண்டுக்கு எறும்புக் கூட்டம்தான். முன்னால் நின்றவர்களின் முதுகு மறைத்ததில் பின்னால் நின்றவர்களுக்கு அது தெரியவே இல்லை. முன்னால் நின்றவர்களோ வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நிற்பதே போதும் என்று நினைக்கிற இங்கிலாந்துக்காரர்கள்.

வரிசையின் கடைசியில் நின்றால் லொரைனுக்குத் தேநீர் கிடைக்க அரைமணி ஆகும். ஒரு கோப்பைதானே. டெஸ்மண்ட் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே நுழைந்தான்.

“அப்பாடா, ஆளு வந்தாச்சு!” என்றார் முதலில் நின்றவர். கால்பந்துச் சட்டை போட்ட பெரிய உருவம், வெயிலில் வெந்த கழுத்து. “மூணு டீ, ரெண்டு கறிப்பை, கண்ணு.”

“இல்லீங்க, நான் வந்து...”

“கறிப்பை சூடா இருக்குமா?”

“இருக்கும்.”

இருக்கும் என்று சொன்ன நிமிஷமே அவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஆணியில் தொங்கிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மூன்று டீ ஊற்றினான். அடுத்தவருக்கு இரண்டு. கைக்குழந்தைக்காரிக்குப் பால் சூடாக்கிக் கொடுத்தான். காசையெல்லாம் அந்த மரப் பெட்டியில் போடச் சொன்னான். வேறு இடம் அவனுக்குத் தெரியவில்லை.

“எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

‘ஏழு நிமிஷமா’ என்பதுதான் உண்மை. “எங்கப்பா காலத்துலேர்ந்தும்மா,” என்றார் மிஸ்டர் கிளெக்.

“பாத்தாலே தெரியுது. அந்த வேர்வைகூட அந்தக் காலத்து வேர்வை மாதிரியே இருக்கு.”

வரிசை குறையவில்லை. டீ கிடைக்கிறது என்ற செய்தி தெருமுனை வரை போய்விட்டது. லொரைனுக்கான கோப்பையை இரண்டு முறை தயார் செய்தான். இரண்டு முறையும் யாரோ அதை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்போது வாசலில் லேஸ் தொப்பி தெரிந்தது.

“மிஸ்டர் கிளெக்! அடுப்பு மூட்டலன்னு சொன்னது நீங்கதானே?”

“ஆமா...”

“மூட்டணும்னா கரி வேணுமா வேண்டாமா? கரிக்கொட்டாய் அந்தக் கோடியில கிடக்கு. யாரு சுமக்கறது? நானா? இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?”

“மேடம், இங்க வரிசை...”

“இங்க ஆளுங்க டீ குடிக்காட்டிச் செத்துட மாட்டாங்க. அங்க இருபது குழந்தைங்க வென்னீருக்காக நிக்குது. வாங்க, வாங்க!”

புதிதாகச் சேர்ந்தவளுக்கே இவ்வளவு அதிகாரம் என்றால் பழைய ஆட்கள் எப்படி இருப்பார்களோ! ‘நான் டிக்கெட் வாங்கி வந்தவன்’ என்று சொல்ல டெஸ்மண்டின் வாய் திறந்தது. ஆனால் அந்தக் குரலில் அவனுடைய மேஸ்திரியின் குரல் இருந்தது. முப்பது வருஷம் அதே குரலைக் கேட்டு அசைந்த உடம்பு, மூளையிடம் கேட்காமலே அசைந்துவிட்டது.

“நான் வேணா இங்க பாத்துக்கட்டுமா?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். வட்டத் தொப்பி, மெழுகு போட்டு முறுக்கிய சிவப்பு மீசை.

“உங்களுக்கு இந்த வேலை தெரியுமா?”

“டீதானே?” என்று அவர் டெஸ்மண்டிடமிருந்து ஏப்ரனைப் பறிக்காத குறையாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இவரும் இங்கத்து ஆள்தான், வேலைக்குப் பிந்தி வந்திருக்கிறார், அதுதான் இந்த அவசரம் என்று டெஸ்மண்ட் முடிவுகட்டினான்.

கரிக்கொட்டாய்க்கும் சலவைக்கூடத்துக்கும் நூற்றிருபது தப்படி. ஆறு வாளி ஆயிற்று. வாரத்தில் ஆறு நாள் கூலிக்குத் தார் அள்ளுகிறவன், ஏழாவது நாள் பதினோரு பவுண்டு கொடுத்துக் கரி அள்ளினான். கோட்டைக் கழற்ற முடியாது. உள்ளே சட்டைக்கு முதுகுப்பக்கம் கிடையாது, அது வெறும் முன்பக்கச் சட்டை. 1934இல் சிக்கனமானவர்கள் அப்படித்தான் போட்டார்களாம்.

நான்காவது வாளியில் ஒரு குடும்பம் அவனை நிறுத்திப் படம் எடுத்தது.

“முகத்தைக் கொஞ்சம் பரிதாபமா வைங்க.”

“இதுக்கு மேல வராதுங்க.”

“பிரமாதம்! பாத்துக்கடா கண்ணு,” என்று அப்பா மகளிடம் சொன்னார், “படிக்காட்டி இந்த வேலைதான்.”

ஆறாவது வாளியைக் கொட்டிவிட்டு டெஸ்மண்ட் ஓடினான். சலவைக்கூடத்துக்குள் மிஸஸ் ஹார்கர் ஈரத் துணியை உருளையில் எதிர்ப்பக்கமாகத் திணித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அது தப்பு என்று தெரிந்தது. சொல்லவில்லை. இன்றைக்கு வாயைத் திறந்ததே போதும்.

தேநீர்க் கடையில் சிவப்பு மீசைக்காரர் அவனைக் கண்டும் காணாத மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு கோப்பை மட்டும். பால் தூக்கலா, சர்க்கரை ரெண்டு.”

“வரிசையில வாங்க.”

“நான்தானே உங்களை இங்க நிறுத்தினேன்!”

“அதனாலதான் சொல்றேன். நம்மாளே குறுக்க வந்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க?”

வரிசையில் நின்றான். கோப்பையை வாங்கியபோது அவன் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சொட்டு சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெஞ்சுக்கு வந்தான்.

பெஞ்சில் ஒருவரும் இல்லை.

ஷூவும் இல்லை. வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிரீச், கிரீச் என்று எண்ணெய் காணாத இரும்பு சுற்றுகிற சத்தம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவன் வீட்டில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்கிற சத்தம்.

சலவைக்கூடத்தில் நாற்பது பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் லொரைன். சட்டைக் கை முழங்கைக்கு மேலே, முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, உருளையின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மடிப்புப் பக்கம் முதல்ல போகணும். பொத்தானை உள்பக்கம் மடிச்சு விடணும், இல்லேன்னா தெறிச்சு கண்ணுல பாயும்,” என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். “விரலை அங்க வைக்காத ராஜா, விரல் திரும்ப வராது.”

கூட்டம் கைதட்டியது. லொரைன் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கைதட்டல் தானாக நின்றுபோனது.

“டீ,” என்றான் டெஸ்மண்ட்.

அவள் வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். “ஆறிடுச்சு.”

“லொரைன், நான் சொல்றதைக் கேளு...”

“நான் உன்னைத் தேடித்தான் வந்தேன். உள்ள பார்த்தா அந்தப் பொம்பள துணியைத் தலைகீழா குடுத்துக்கிட்டு இருக்கா. இன்னொரு சுத்து சுத்தியிருந்தா விரல் போயிருக்கும். சம்பளம் வாங்கற வேலை, ஒண்ணும் தெரியல! ‘தள்ளுங்க’ன்னேன். தள்ளினவ தள்ளினவதான், போயே போயிட்டா. நான் போகலாம்னு பார்த்தா, இந்தக் குழந்தைங்க ‘அடுத்த துணி, அடுத்த துணி’ங்குது.” அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரண்டு கொப்புளம். “இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு ஆளுக்கு ஒண்ணு.”

“அப்ப மெஷின்...”

“நாளைக்குக் காலைல.”

டெஸ்மண்டின் கண்முன்னே மிஸ்டர் கிளெக் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான்.

“இது நம்ம தப்பில்லையே! காசு குடுத்து வந்தவங்களை வேலை வாங்கினது அவங்க ஆளுங்க. என்னைக் கரி சுமக்க வெச்சவளே அவதான். உன்னையும் வேலையில விட்டுட்டு ஓடினா. நிர்வாகத்து மேல தப்பு. அதை எப்படிக் கணக்குல சேர்ப்ப?”

லொரைன் யோசித்தாள். நியாயம் என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொள்கிற பெண் அவள். அதனால்தான் இருபத்தைந்து வருஷம் தாங்கியிருக்கிறது.

“சரி. வாசலுக்கு வா. ‘எங்க ஆளு செஞ்ச தப்பு’ன்னு அவங்க வாயால சொல்லட்டும். சொன்னா இன்னைக்கு நடந்தது கணக்குல இல்ல. பீப்பா இருந்துட்டுப் போகட்டும்.”

“சொல்லுவாங்க. சொல்ல வெக்கறேன் பாரு.”

வாசலுக்குப் போனபோது டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஏற்கெனவே ஆட்கள் நின்றிருந்தார்கள். லேஸ் தொப்பி கோணிப்போன மிஸஸ் ஹார்கர், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. ஏப்ரன் முழுக்கத் தேநீர்க் கறையோடு சிவப்பு மீசைக்காரர். அவருக்குப் பின்னால் கை முழுக்க மாவோடு ரொட்டிக்கடைக்காரர், டிராம் ஓட்டுநரின் உடுப்பில் இன்னொருவர். எல்லோர் முகத்திலும் புகார் எழுதி ஒட்டியிருந்தது. வேலைநேரம் முடிந்து ஆட்கள் கையெழுத்துப் போட வந்திருக்கிறார்கள் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது. நல்லதாயிற்று. எதிரில் வைத்தே கேட்டுவிடலாம்.

அவன் வரிசையைத் தாண்டிப் போய் ஜன்னலைத் தட்டினான். சிவப்பு மீசைக்காரரிடம் வராத துணிச்சல் இங்கே வந்தது. உள்ளே டோனா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரும்மா. இது என் மனைவி. இன்னைக்கு எங்க கல்யாண நாள். டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்த எங்களை உங்க ஆளுங்க நாள் பூரா வேலை வாங்கியிருக்காங்க. நான் டீ ஊத்தினேன். ஆறு வாளி கரி சுமந்தேன். இவ கையைப் பாரு, கொப்புளம்! இதோ நிக்கறாங்களே, இந்த மிஸஸ் ஹார்கர், உங்க ஆளு, இவங்கதான் எல்லாத்துக்கும் காரணம். தப்பு உங்க ஆளுங்க மேலதான்னு என் மனைவிகிட்ட நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“நான் யாரோட ஆளு?” என்றாள் மிஸஸ் ஹார்கர். முகவாய் மேலே ஏறியது. “உங்க மேல புகார் சொல்லத்தானே நான் அரைமணியா நிக்கறேன்!”

“எங்கிட்ட ஏப்ரனைக் குடுத்துட்டு ஓடினதும் இவருதான்,” என்றார் சிவப்பு மீசைக்காரர்.

டோனா ஐஸ்கிரீமைக் கீழே வைத்தாள். டெஸ்மண்டின் சங்கிலியைப் பார்த்தாள். மிஸஸ் ஹார்கரின் தொப்பியை, மீசையை, மாவுக் கையை, டிராம் உடுப்பை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். டெஸ்மண்டின் கோட்டுப் பையில் மஞ்சளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சீட்டையும் பார்த்தாள். லொரைனும் அதைப் பார்த்தாள். கையை நீட்டி உருவி எடுத்து, பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள்.

“எங்க ஆளுங்களா?” என்றாள் டோனா. “எங்க ஆளுங்க பதினெட்டுப் பேரும் வருஷாந்திரச் சுற்றுலான்னு காலைல ஏழு மணிக்கே பஸ்ஸேறிக் கடலுக்குப் போயிட்டாங்களே... அதான் பாதி விலை. இன்னைக்கு உள்ள இருந்த அத்தனை பேரும், இந்த உடுப்புக்காரங்களும் சேர்த்து, டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்கதான்.”